ஏலக்கூடத்துக்கு மதிப்பெண் போடப் போனோம்

காரைக்காலில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட விடாமல் நிரப்புகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் என்னை மாட்டிவிட்டது. இளைஞர்களுக்காக மாலை நேரங்களில் நடக்கும் மையங்கள் எங்கள் மாவட்டத்தில் நிறைய இருந்தன. அவற்றில் உண்மையிலேயே நன்றாக நடப்பதைக் கண்டுபிடித்துப் பாராட்ட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். நேரில் போய்ப் பார்த்து மதிப்பெண் போட இரண்டிரண்டு பேராக ஆள் தேவைப்பட்டது. எங்கள் மேலதிகாரி யோசிக்கவேயில்லை. "நீங்க போங்கம்மா. நீங்க போனாத்தான் ஃபாரம் ஒழுங்கா திரும்பி வரும்" என்றார்.

விழிதியூரில் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வயலிலிருந்து வந்து குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளைங்க விளையாடறதுக்கு மார்க் போட ஒரு ஆளா? அதுக்கு நீயா?"

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. சின்ன வயதில் பாண்டி ஆடும்போது, யாரும் பார்க்காவிட்டாலும் கோட்டை மிதித்துவிட்டேன் என்று நானே சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வேன். அதனால் என்னை யாரும் ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள்.

எனக்கு ஜோடியாக அமைந்தவர் எழுபதைத் தொட்ட ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஐந்து மணிக்கு வரச் சொன்னால் நாலு ஐம்பதுக்கே வந்து நிற்பார். மடிப்புக் கலையாத கால்சட்டை, தலையில் ஒரு துணித்தொப்பி. என் ஸ்கூட்டரின் பின்னால் முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்காருவார்.

"நான் பாலைவனத்துல டாங்கில போனவன்மா. இந்த ஸ்கூட்டர்தான் பயமா இருக்கு" என்றார் முதல் நாள்.

எங்களுக்குக் கொடுத்த படிவத்தில் ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களா, புதிதாக வருகிறவரை யார் வரவேற்கிறார்கள், முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்றெல்லாம் போனது. நான்காவது கேள்விதான் கொஞ்சம் நீளம். 'வந்துகொண்டிருந்து நின்றுபோனவர்கள் யார், ஏன் நின்றார்கள், அவர்களைத் தேடி யார் போனார்கள்?' குழுவின் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. படிவத்தை எங்கள் கையில் கொடுக்கும்போது அந்தக் கேள்வியின் மேல் விரலை வைத்து, "இத மட்டும் கேக்காம வந்துடாதீங்க" என்றார்.

முதலில் போனது நகரத்துக்குள் இருந்த ஒரு மையம். வாசலில் எங்கள் இருவரின் படத்தோடு பெரிய ஃப்ளெக்ஸ். சொல்தாவின் படத்தை எங்கே பிடித்தார்களோ, முப்பது வயதில் மீசையோடு இருந்தார். எங்களுக்குச் சால்வை போட்டார்கள், ரோஜா கொடுத்தார்கள். எட்டுச் சிறுமிகள் ஒரே மாதிரி உடையில் ஆடினார்கள். ஆடி முடித்ததும் வரிசையாகப் போய் உட்கார்ந்து எங்களையே பார்த்தார்கள். நான் நான்காவது கேள்வியைக் கேட்டேன். நடத்துகிறவர் சிரித்தார்.

"நம்மகிட்ட யாரும் நிக்கிறதே கிடையாதுங்க. ரெஜிஸ்டரப் பாருங்க."

பார்த்தேன். ஒரு நாள்கூட யாரும் வராமல் இருந்ததில்லை. எனக்குக் கட்டங்களைக் கடைசிவரை பார்க்கும் பழக்கம் உண்டு. விரலை ஓட்டிக்கொண்டே போனால், மறுநாள் தேதிக்கும் எல்லோரும் வந்திருந்தார்கள். பேசாமல் பதிவேட்டைச் சொல்தாவின் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார்.

"பரவால்லியே. நாளைக்கும் வந்துட்டாங்க" என்றார்.

எனக்கு அங்கேயே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு வணக்கம் சொல்லி வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். திருப்பத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து குலுங்கிக் குலுங்கி ஒரு சத்தம் வந்தது. சொல்தா சிரித்துக்கொண்டிருந்தார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கழுத்தில் சால்வையோடு நின்று சிரித்தோம். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அலுவலகத்தில் இத்தனை வருடத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

அடுத்த வாரம் காரைக்கால்மேடு. அங்கே மையத்துக்கென்று கட்டடம் கிடையாது. காலையில் மீன் ஏலம் நடக்கும் கூடத்தையே சாயங்காலம் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். வருகிறோம் என்று சொல்லியிருந்தோம். ஆனாலும் வாசலில் யாரும் நிற்கவில்லை. உள்ளே சுமார் நாற்பது பிள்ளைகள். பாதிப் பேர் கையில் துடைப்பம், பாதிப் பேர் கையில் வாளி. சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மீன்வாடையும் பினாயில் வாடையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

பத்தொன்பது வயது இருக்கும் ஒரு பெண் எங்களைப் பார்த்தாள்.

"வாங்க. செருப்ப அங்க விட்டுட்டு அந்த மேட்டுல ஏறி நில்லுங்க. இந்தப் பக்கம் தண்ணி வருது."

நாங்கள் ஏறி நின்றோம். சொல்தா தன் காலுறைகளைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், அவளுடைய அம்மா அதே கூடத்தில் காலையில் மீன் ஏலம் விடுகிறவர் என்று பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி சொன்னாள். மனதுக்குள் அவளுக்கு ஏலக்காரி என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரிந்தது.

தரை காய்ந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஏலக்காரி ஒரு கவிழ்த்த மீன்கூடையின் மேல் ஏறினாள்.

"இன்னிக்கு வேலை ஏலம். மொதல்ல ஆறாங்கிளாஸ் பசங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லித் தர்றது. யாரு எத்தன நாள்?"

ஒருவன் விரலைத் தூக்கி மூன்று நாள் என்றான். இன்னொருத்தி ஐந்து. "அஞ்சு, அஞ்சு, அஞ்சுக்கு மேல உண்டா, ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவள் சொன்ன வேகத்தில் எனக்கே கை துறுதுறுத்தது. அதிக நாள் கேட்கிறவருக்கே அந்த வேலை. எல்லா வேலைகளையும் அவர்கள் இப்படித்தான் பங்குபோட்டுக்கொண்டார்கள். விளக்கைத் துடைப்பது, கயிறு சுற்றி வைப்பது, கடற்கரையில் பந்து அலைக்குள் போனால் யாரையும் பின்னால் ஓடவிடாமல் பார்த்துக்கொள்வது. கடைசியாகச் சொன்ன வேலைக்குத்தான் பெரிய போட்டி. நான் படிவத்தைத் திறந்து 'முடிவுகளை யார் எடுக்கிறார்கள்' என்ற கட்டத்தில் மளமளவென்று எழுதத் தொடங்கினேன்.

"அடுத்தது கோல்கீப்பர். நம்ம கோல்கீப்பருக்குப் பரீட்ச. பத்து நாள் ஆள் வேணும். பத்து நாள் யாரு?"

யாரும் வாய் திறக்கவில்லை. மணலில் விழுந்து எழும் வேலை. அந்தச் சமயம் பார்த்து சொல்தா மணி பார்க்கக் கையை உயர்த்தினார். அவர் கடிகாரத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கித்தான் பார்ப்பார்.

"பத்து நாள், தொப்பி போட்ட தாத்தா. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்."

கூடம் முழுக்கக் கைதட்டல். சொல்தா என்னைப் பார்த்தார். நான் படிவத்தால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"நான் மணி பாத்தேன்மா" என்றார் ஏலக்காரியிடம்.

"கை தூக்கினா தூக்கினதுதாங்க. எங்க அம்மாகிட்ட இப்படிச் சொன்னா நாளைக்கு உள்ளயே விடமாட்டாங்க."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சரி. ஆனா தாத்தான்னு கூப்பிடக் கூடாது. முசேன்னு கூப்பிடணும்." பிரெஞ்சில் 'ஐயா' என்பதற்கு அப்படிச் சொல்வார்கள்.

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதும் நிறுத்துங்கள் என்பதுபோல் இன்னொரு கையைத் தூக்கினேன். அதுதான் நான் செய்த தவறு.

"மூணு வீட்டுக்குப் போயி, வராம நின்னவங்களப் பாக்கிற வேலை, ஃபாரம் வச்சிருக்கிற அக்காவுக்கு" என்றாள் ஏலக்காரி. அடுத்த வேலையை அவள் கூவ ஆரம்பித்திருந்ததையே நான் கவனிக்கவில்லை.

என் நான்காவது கேள்வி என் தலையிலேயே வந்து விழுந்தது. கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அதில் நின்றுபோனவர்களுக்கென்றே தனிப் பக்கங்கள். 'திருப்பூர் வேலைக்குப் போயிட்டான், போனில் பேசினோம்.' 'அவங்க அப்பா வேண்டாம்னாரு, ரெண்டு தடவை போனோம், மறுபடி போகணும்.' 'காரணம் தெரியல' என்று மூன்று வரிகள். அந்த மூன்றுதான் எனக்கு.

மறுநாளிலிருந்து பத்து நாள் எப்படிப் போனது என்று இப்போது நினைத்தாலும் எனக்குத் தலைகால் புரிவதில்லை. அலுவலகம் முடிந்ததும் சொல்தாவை ஏற்றிக்கொண்டு நேராகக் காரைக்கால்மேடு. முதல் நாள் அவர் மடிப்புக் கால்சட்டையோடு கோலில் நின்றார். ஒன்பது கோல் போனது. ஒவ்வொன்றுக்கும் திரும்பி நின்று பந்துக்கு வழி விடுவதுபோல் இருந்தது. இரண்டாம் நாள் அரைக்கால்சட்டை. மூன்றாம் நாள் ஒரு பந்து நேராக அவர் வயிற்றில் போய் நின்றது. தடுத்தது அவரா வயிறா என்று பெரிய வாக்குவாதம். பிள்ளைகள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோலில் நின்றுகொண்டு முன்னால் ஓடுகிறவர்களைப் பார்த்து அவர் "அலே, அலே" என்று கத்துவார். பிரெஞ்சில் 'ஓடு, போ' என்று அர்த்தமாம். நான்காவது நாள் கடற்கரை முழுக்க அலே. வலை தைத்துக்கொண்டிருந்த ஆட்கள்கூடப் படகைத் தள்ளும்போது அலே சொன்னார்கள்.

நானும் என் மூன்று வீடுகளுக்குப் போனேன். முதல் வீட்டுப் பையனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்து விடுதிக்குப் போயிருந்தான். இரண்டாவது வீட்டில் அம்மை போட்டிருந்தது. இறங்கியதும் அனுப்புகிறோம் என்றார்கள். மூன்றாவது வீட்டில் பதினாலு வயதுப் பெண். குரல் மட்டும் விசில் மாதிரி கீச்சென்று இருக்கும். நான் கேட்டதும் தயங்கவில்லை.

"எனக்குத் தினமும் கயிறு சுத்துற வேலைதான் வருதுக்கா. நான் ஏலம் கேட்டா என் குரலக் கேட்டுச் சிரிக்கிறாங்க. அப்புறம் நான் கேக்கறதில்ல. கேக்காதவங்களுக்கு மிச்சம் இருக்கறதுதான் வரும். மிச்சம் எப்பவும் கயிறுதான்."

யாரும் சேர்த்துக்கொள்ளாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தவள்தானே நானும். அவள் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டுபோய் ஏலக்காரியிடம் கொடுத்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு வட்டத்தின் நடுவில் நின்று சத்தமாகவே வாசித்தாள்.

"சிரிச்சவங்க யாரு? நானும் சிரிச்சிருக்கேன்" என்று முதலில் தன் கையைத் தூக்கினாள். ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. அன்றே ஏழெட்டுப் பேர் அந்த வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பெண் வாசலுக்கு வந்து ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் வரணும்னா ஏலத்த நான் விடணும்."

வியாழக்கிழமை அவள் கூடையின் மேல் ஏறினாள். அந்தக் கீச்சுக்குரல் கூடத்தின் கடைசி மூலைவரை போனது. மைக் இல்லாத இடத்தில் அதைவிடத் தோதான குரல் யாருக்கு இருக்கும். அவள் "மூணு தரம்" சொன்னதும், வெளியே வலைமேல் படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது. அன்று சிரித்தார்கள்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பத்தாம் நாள் முடிந்து படிவத்தை எடுத்தோம். ஏலக்காரி கையை நீட்டினாள்.

"எங்களுக்கு என்ன போட்டிருக்கீங்கன்னு பாக்கலாமா?"

காட்டக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. காட்டினோம். நான்காவது கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தேன். அவர்கள் கூடிக்கூடிப் பேசிவிட்டு வந்தார்கள்.

"இதுக்கு மூணுதாங்க. கயிறு விஷயம் ரெண்டு மாசமா எங்களுக்கே தெரியல. நீங்க போயித்தான் தெரிஞ்சிது."

கூட்டிப் போடச் சொல்லிக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைக்கச் சொல்லி எவரும் என்னிடம் வாதாடியதில்லை. சொல்தா ஐந்தே என்றார், அவர்கள் மூன்றே என்றார்கள். கடைசியில் எங்கள் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அவர்களுடையதையும் எழுதினேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பத்து நாள் அவர்களோடு ஆடியவர்கள் அவர்களுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கடிதமாக எழுதி, இரண்டு பேரும் போய்த் தலைவியிடம் கொடுத்தோம். அவர் படித்தார். ஒன்பது கோல் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க மார்க் போடப் போனீங்களா, சேரப் போனீங்களா?"

"சேந்துட்டோம்மா" என்றார் சொல்தா.

எங்கள் மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு வேறு இருவரை அனுப்புவது என்று முடிவானது. ஒரு பல் டாக்டரும் ஒரு கல்லூரி விரிவுரையாளரும் போனார்கள். எந்த நேரத்திலும் கையைத் தூக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பினோம். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் முழங்கால்வரை நனைந்த பேண்டோடு வந்தார். ஏலத்தில் அவர் தலையாட்டியிருக்கிறார். தலையாட்டினாலும் சேர்த்தியாம். நாலு நாள் தரை கழுவுவது அவர் பங்கு. விரிவுரையாளர் மட்டும் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டு தப்பித்திருந்தார். அவர் போட்ட மதிப்பெண் எங்களுடையதைவிட ஒன்று அதிகம்.

பாராட்டு விழா நகரத்து மண்டபத்தில் நடந்தது. மேடைக்கு ஒரு மையத்திலிருந்து இரண்டு பேர் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். முதலிடம் காரைக்கால்மேடு என்று அறிவித்ததும் நாற்பது பேரும் எழுந்தார்கள். யாரை உட்காரச் சொல்வது என்று விழாக்காரர்களுக்குத் தெரியவில்லை. மேடை முனகியது. சிறப்பு விருந்தினர் நாற்காலியோடு பின்னால் தள்ளப்பட்டு, திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கேடயத்தை வாங்கிக்கொண்டு ஏலக்காரி மைக்கின் முன்னால் வந்து, நன்றி சொல்லிவிட்டு ஒரு தாளைப் பிரித்தாள்.

"எங்களுக்கு எதுல மார்க் கொறஞ்சிதுன்னு சொல்லிடறோம். அப்பத்தான் மத்த ஊர்க்காரங்களும் பாத்துக்குவாங்க" என்று கயிறு விஷயத்தைச் சொன்னாள். கீச்சுக்குரல்காரி பக்கத்தில் நின்று, "இப்ப சரியாயிடுச்சு" என்றாள், மைக் இல்லாமலே. மண்டபம் அதிர்ந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த நகரத்து மையக்காரர் கைதட்டவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மறுவாரம் அவருடைய பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு காரைக்கால்மேட்டுக்கு வந்தார் என்று கேள்விப்பட்டேன். சால்வை கொண்டுவரவில்லையாம்.

பரிசாக என்ன வேண்டும் என்று குழு கேட்டதற்கு, கூடத்துக்கு நல்ல விளக்குகள் வேண்டும் என்றார்கள். ஐப்பசி பிறக்கும்போது மாட்டினார்கள். அன்று சாயங்காலம் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மதியம் ஒரு மழை கொட்டி ஓய்ந்திருந்தது. ஆறரை மணிக்குச் சுவிட்சைப் போட்டதும் கூடம் பகல்போல் ஆனது. எல்லோரும் ஓவென்று கத்தி முடிக்கும் முன் எங்கிருந்தோ ஈசல் வந்தது. பத்து, நூறு என்றில்லை, கூடம் நிறைய ஈசல். தலையில், சட்டைக்குள், திறந்த வாய்க்குள். வாளியில் தண்ணீர் கொண்டுவா என்று ஒருவன் கத்தினான், விளக்கை அணை என்று இன்னொருத்தி. புது விளக்கை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. சொல்தா தொப்பியைக் கழற்றி வீசி ஈசலை விரட்டிக்கொண்டு ஓடினார், அவர் பின்னால் பத்துப் பிள்ளைகள். நான் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கவிழ்த்த கூடையின் மேல் ஏறி நின்று, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தேன்.